சனிக்கிழமை மீட்டில் யார் நீந்துவது? கோடைக்கால நீச்சல் லீக் தேர்வு பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

வடக்கு வர்ஜீனியாவில் ஜூன் பிறந்துவிட்டால் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சுதான்: "உங்க பையன் ஏ மீட்ல இருக்கானா?" குளத்தோரம் ஸ்டாப்வாட்ச் பிடிப்பதும், கோச்சுக்கும் பெற்றோருக்கும் நடுவே நின்று பதில் சொல்வதும் பல வருடமாக என் கோடைக்கால வேலை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எண்களும் விதிகளும் எங்கள் பகுதியின் வடக்கு வர்ஜீனியா நீச்சல் லீகுக்கு உரியவை. இதை இங்கே எல்லோரும் என்.வி.எஸ்.எல் என்பார்கள். வேறு லீகில் இருப்பவர்கள் அவர்களுடைய விதிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், ஏ மீட் என்றால் என்ன? பி மீட் என்றால் என்ன?

என்.வி.எஸ்.எல் 1956-இல் தொடங்கியது. இன்று நூறுக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு குடியிருப்புப் பகுதியின் குளத்துக்கு ஒரு குழு. ஆறு குழுக்கள் சேர்ந்தது ஒரு டிவிஷன். சனிக்கிழமை காலையில் டிவிஷனின் இன்னொரு குழுவோடு மோதுவது ஏ மீட். புள்ளிக் கணக்கும் வெற்றி தோல்வியும் இதில்தான். வார நாள் மாலையில் நடக்கும் பி மீட்டில் வெற்றி தோல்வி கிடையாது. வர விரும்பும் பிள்ளைகள் எல்லோரும் நீந்தலாம், நேரம் குறித்துக்கொள்வார்கள், ரிப்பன் கொடுப்பார்கள்.

சிக்கல் ஏ மீட்டில்தான். எட்டு வயதுக்குட்பட்டோர், 9-10, 11-12, 13-14, 15-18 என்று ஐந்து வயதுப் பிரிவுகள். ஆண், பெண் தனித்தனி. ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை என்று நான்கு வகை. ஆக மொத்தம் 40 தனிநபர்ப் போட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழுவுக்கு மூன்று லேன். 120 இடங்கள். ஒரு பிள்ளை அதிகபட்சம் இரண்டு தனிநபர்ப் போட்டிகளில் நீந்தலாம். குழுவில் நூற்றைம்பது பிள்ளைகள் இருப்பது சாதாரணம். எல்லோருக்கும் இடம் கிடைக்காது என்பது சீசன் தொடங்கும்போதே தெரிந்த விஷயம்.

எட்டு வயசுப் பிள்ளைகளை வேகத்தை வைத்துப் பிரிப்பது நியாயமா?

நியாயம்தான் என்பது என் கருத்து. கடிகாரம் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காது. கோச்சுக்குப் பிடித்தவர், முகம் தெரிந்தவர், நன்றாக ஆங்கிலம் பேசும் பெற்றோரின் பிள்ளை என்றெல்லாம் தேர்வு போவதைவிட இது எவ்வளவோ மேல். புதிதாகக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த எண்தான்.

அநியாயம் வேறு இடத்தில் வருகிறது. எந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பீர்கள்: இந்த சீசனின் சிறந்த நேரமா, கடைசியாக நீந்திய நேரமா? பயிற்சிக்கு வராதவருக்கு இடம் உண்டா? மூன்றாவது லேனை எப்படி முடிவு செய்வீர்கள்? இவற்றுக்கெல்லாம் பதில் முன்கூட்டியே எழுத்தில் இல்லாமல், வெள்ளிக்கிழமை இரவு பட்டியல் மட்டும் வந்து விழுந்தால், அந்தப் பட்டியல் முழுக்கச் சரியாக இருந்தாலும் பிள்ளைக்கு அது அநியாயமாகத்தான் படும். விதி கடுமையாக இருந்தால் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். என்ன விதி என்றே தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டார்கள்.

போன வாரம் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் போட்டார்கள், இந்த வாரம் எடுத்துவிட்டார்கள். அவள் வேகம் குறையவில்லையே?

அதிகம் வரும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு குழுவும் ஒரு லேடர் வைத்திருக்கும். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும், ஒவ்வொரு வகையிலும் யார் முதல், யார் இரண்டாவது என்று நேரப்படி அடுக்கிய பட்டியல் அது. லேடரில் முதல் மூன்று பேரை அப்படியே எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படி முடியாது, ஏனென்றால் இரண்டு போட்டி வரம்பு இருக்கிறது.

9-10 பெண்கள் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வகையிலும் ஒரே பெண்தான் முதல் இடம் என்று வையுங்கள். அவள் இரண்டில்தான் நீந்த முடியும். மீதி இரண்டில் அவளுக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு படி மேலே வருவார்கள். போன வாரம் எதிர்க் குழுவில் பேக்ஸ்ட்ரோக்கும் பட்டர்ஃபிளையும் பலவீனம். கோச் அந்தப் பெண்ணை அங்கே போட்டார். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் லேடரில் நான்காவதாக இருந்த உங்கள் மகளுக்கு மூன்றாவது லேன் கிடைத்தது. இந்த வார எதிர்க் குழுவில் பேக்ஸ்ட்ரோக்குக்கு ஒரு புலி இருக்கிறாள். அங்கே போய் மோதாமல் அந்தப் பெண்ணை பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு நகர்த்துகிறார் கோச். உங்கள் மகள் மறுபடி நான்காவது. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை, யாரும் அவளை ஒதுக்கவும் இல்லை.

இதற்குப் பின்னால் புள்ளிக் கணக்கு இருக்கிறது. தனிநபர்ப் போட்டியில் முதல் இடத்துக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. ரிலேயில் ஜெயித்தவருக்கு 5, தோற்றவருக்கு ஒன்றுமில்லை. 40 தனிநபர்ப் போட்டிகளும் 12 ரிலேக்களும் சேர்ந்து மொத்தம் 420 புள்ளிகள். 210-ஐத் தாண்டினால் வெற்றி. நெருக்கமான மீட்டில் ஒரு மூன்றாம் இடம்கூட முடிவை மாற்றிவிடும். அதனால் கோச் வியாழக்கிழமை இரவு உட்கார்ந்து போடுவது நேரப் பட்டியலைவிடச் சிக்கலான கணக்கு.

ஆனால் அதே கணக்குக்குள் கோச்சின் மனசும் இருக்கிறது. ஒரு பிரிவில் நான்கு போட்டி, மூன்று லேன், ஆக 12 இடங்கள். ஆறு பேரை இரண்டிரண்டு போட்டிகளில் போட்டும் நிரப்பலாம், 12 பேருக்கு ஒவ்வொன்று கொடுத்தும் நிரப்பலாம். இரண்டுக்கும் விதி இடம் தருகிறது. கடுமையான மீட்டில் ஆறு பேர் பக்கம் சாய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது அறுபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று தெரிந்த மீட்டிலும் அதே ஆறு பேரே நீந்தினால், அங்கே கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சீசனில் ஒருமுறையாவது சனிக்கிழமை காலை குழு உடையோடு லேனில் நின்ற பிள்ளை அடுத்த வருடம் திரும்பி வருவாள். கோச்சுகளிடம் நான் விடாமல் சொல்லிவருவது இதைத்தான்.

என் பையனுக்கு 41.52, அந்தப் பையனுக்கு 41.45. ஏழே ஏழு நூறில் ஒரு பங்கு விநாடிக்காக ஒதுக்கலாமா?

அந்த நேரம் எப்படிப் பதிவாகிறது என்று தெரிந்தால் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் என்று புரியும். லேனின் முனையில் நிற்கும் டைமர்கள் எல்லோரும் நம்மைப் போன்ற பெற்றோர்தான். ஸ்டார்ட்டரின் கருவியில் விளக்கு மின்னியதும் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தத்துக்குக் காத்திருக்கக் கூடாது, சத்தம் தாமதமாக வந்து சேரும். முடிவில் குளத்தின் விளிம்பில் குனிந்து, கை சுவரைத் தொடும் கணத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும். தண்ணீர் தெறிக்கும். பக்கத்து லேனில் தன் பிள்ளை வந்துகொண்டிருக்கும். மூன்று கடிகாரங்களில் 41.32, 41.45, 41.60 என்று வந்தால் நடுவில் உள்ள 41.45 தான் அதிகாரபூர்வ நேரம். ஒரே பிள்ளை, ஒரே நீச்சல், மூன்று கடிகாரத்துக்குள்ளேயே கால் விநாடிக்கு மேல் வித்தியாசம்.

அதனால் வெவ்வேறு நாளில், வெவ்வேறு டைமர்கள் எடுத்த இரண்டு நேரங்களுக்கு நடுவே ஏழு நூறில் ஒரு பங்கு என்பது வித்தியாசமே இல்லை. நல்ல கோச் இப்படி நெருங்கி நிற்கும் இருவரையும் அடுத்த பி மீட்டில் ஒரே ஹீட்டில், அதாவது ஒரே சுற்றில், பக்கத்துப் பக்கத்து லேனில் விடுவார், அல்லது வாரம் ஒருவராக மாற்றிப் போடுவார். உங்கள் குழுவில் இரண்டும் நடக்கவில்லை என்றால், இதைக் கேட்கலாம். தவறே இல்லை.

பள்ளி நாட்களிலும் கிளப்பில் நீந்தும் பிள்ளைகள் ஜூனில் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்களே?

வருடம் முழுக்க யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங் கிளப்பில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளும் அந்தக் குளத்தின் உறுப்பினர்தான், அவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு டைவ் கற்றுக்கொடுப்பதும், மீட்டில் தொண்டை வறளக் கத்துவதும் அவர்களில் பலர்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குளிர்காலக் கிளப்புகள் பெரும்பாலும் 25 கஜக் குளத்தில் நீந்துகின்றன. எங்கள் லீக் 25 மீட்டர் குளத்தில். 25 கஜம் என்பது 22.86 மீட்டர்தான். கஜக் குளத்தில் 50-க்கு 36 விநாடி எடுத்த பிள்ளைக்கு மீட்டர் குளத்தில் ஏறக்குறைய 40 ஆகும். 1.11-ஆல் பெருக்கி மாற்றிக்கொள்வது வழக்கம். ஆனால் திரும்புவதில் வல்லவர், நீண்ட தூரத்தில் சோர்பவர் என்று ஆளுக்கு ஆள் அது மாறும். எனவே குளிர்கால நேரத்தைக் கொண்டுவந்து ஜூன் லேடரில் உட்கார வைப்பது சரியில்லை. எல்லோரும் அதே குளத்தில், குழுவில் எல்லோருக்கும் நேரம் குறிக்கும் அதே டைம் ட்ரையலில் நீந்தட்டும். அப்புறம் அடுக்கலாம்.

பிறந்த நாளால் என் மகன் மாட்டிக்கொண்டான். ஏதாவது செய்ய முடியுமா?

ஜூன் 1 அன்று என்ன வயதோ அதுதான் சீசன் முழுவதும். மே 31 அன்று ஒன்பது முடிந்த பிள்ளை, பதினொன்றை எட்டப்போகும் பிள்ளைகளோடு 9-10 பிரிவில் நீந்த வேண்டும். ஃப்ரீஸ்டைலே 25 மீட்டரிலிருந்து 50 ஆகிவிடும். ஜூன் 2 அன்று ஒன்பது முடியும் பிள்ளையோ அந்தக் கோடை முழுக்க எட்டு வயதுக்குட்பட்டோரில் அரசன். இருவருக்கும் நடுவே இரண்டே நாள்.

விதியை மாற்ற முடியாது. எங்கே கோடு போட்டாலும் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் விழுவார். பார்க்கும் விதத்தை மாற்றலாம்: பிரிவுக்குள் முதல் வருடம் லேடரின் அடியில், இரண்டாம் வருடம் மேலே என்று பிள்ளைக்கே சொல்லிவையுங்கள். முதல் வருடத்தில் அவன் போட்டி போட வேண்டியது போன வருடத்து தன் நேரத்தோடு. இன்னொரு நடைமுறை வழியும் இருக்கிறது. 9-10 பிரிவில் பட்டர்ஃபிளை 25 மீட்டர்தான். அதைத் தவறில்லாமல் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் பல குழுக்களில் கொஞ்சம் பேர்தான். இரண்டு கையும் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே வந்து, இரண்டு காலும் ஒன்றாக அடித்து, முடிவில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். வேகமான பிள்ளை ஒரு கையால் தொட்டு டிஸ்குவாலிஃபை ஆகும்போது, மெதுவாக ஆனால் சரியாக நீந்தும் பிள்ளை லேடரில் ஏறிவிடுவான்.

ஜூன் கடைசியில் ஊருக்குப் போகிறோம். டைம் ட்ரையலுக்கும் வர முடியாது. ஒதுக்கிவிடுவார்களா?

நம் குடும்பங்களில் பாதிப் பேரின் கேள்வி. பள்ளி ஜூன் நடுவில் முடிகிறது, டிக்கெட் அப்போதுதான் எடுக்க முடியும், பாட்டி தாத்தாவைப் பார்க்காமல் இருக்க முடியாது. சென்னையிலிருந்து திரும்பி வந்து ஜூலை நடுவில் சேர்ந்தாலும் பி மீட்டில் நேரம் எடுத்து லேடரில் ஏறலாம்.

பெரும்பாலும் பிரச்சினை பயணத்தால் வருவதில்லை, சொல்லாமல் போவதால் வருகிறது. வரும் நாள், வராத நாள் குறிக்கும் படிவத்தை மே மாதமே நிரப்புங்கள். வருவதாகக் குறித்துவிட்டு சனிக்கிழமை காலை வராமல் போனால், தனிநபர்ப் போட்டியில் ஒரு லேன் காலி, அவ்வளவுதான். ரிலேயில் அப்படியில்லை. மாற்று ஆள் கிடைக்காவிட்டால் மற்ற மூன்று பிள்ளைகளும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த மூன்று பேரின் முகத்தைப் பார்த்தவர்கள் அடுத்த முறை ஒழுங்காகச் சொல்லிவிடுவார்கள்.

வாலண்டியர் வேலை செய்தால் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா?

கிடைக்கக் கூடாது. டைமர், மேசை வேலை, ஸ்ட்ரோக் சரிபார்ப்பு என்று ஒவ்வொரு மீட்டுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் பெற்றோர் நிறையப் பேர் தேவை. செய்யாத குடும்பத்துக்குக் கட்டணம் போடட்டும், நினைவூட்டட்டும். அதைப் பிள்ளையின் லேனோடு முடிச்சுப் போடக் கூடாது. சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் அப்பா அம்மாவின் பிள்ளை அதற்குத் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை.

கோச்சின் தம்பி, டீம் ரெப்பின் (குழுவின் நிர்வாகத்தைக் கவனிக்கும் பிரதிநிதி) மகள் என்று வரும்போது சந்தேகம் இயல்பு. பல குழுக்களில் உதவிக் கோச்சுகளே 15-18 பிரிவில் நீந்தும் பிள்ளைகள்தான். அந்தப் பிரிவின் பட்டியலை அவர்கள் தொடாமல் தலைமைக் கோச் மட்டும் போடட்டும். லேடரை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். இந்த இரண்டும் இருந்தால் முக்கால்வாசி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

பி மீட்டிலேயே நீந்தினால் முன்னேற முடியுமா?

முடியும். லேடரில் ஏறுவதற்கான நேரத்தை எடுக்கும் இடமே அதுதான். பக்கத்து மேரிலாந்தின் மான்ட்கோமெரி கவுன்டி லீகில் கேட்டி லெடெக்கி தன் அண்ணனோடு பாலிசேட்ஸ் குளத்தில் சேர்ந்தது ஆறு வயதில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வாங்கியபோது வயது 15. எல்லோரும் லெடெக்கி ஆவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரைப் போன்றவரும் வாரநாள் மாலையில் ரிப்பனுக்காக நீந்தும் பிள்ளையும் இதே வகைக் குளத்தில்தான் தொடங்குகிறார்கள்.

தேர்வு நியாயம் என்று பேசுகிறோம். குளத்துக்குள்ளேயே எல்லோரும் வர முடிகிறதா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எனக்கு முக்கியமான கேள்வி. இந்தக் குளங்கள் பல 1950-களில் குடியிருப்போர் சேர்ந்து பங்கு போட்டுக் கட்டியவை. கறுப்பின மக்களை உள்ளே விடாத குளங்கள் அவற்றில் இருந்தன. எங்கள் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் லிட்டில் ஹன்டிங் பார்க் என்ற இடத்தில், பால் சலிவன் என்பவர் தன் வீட்டைக் கறுப்பினத்தவரான ஃப்ரீமனுக்கு வாடகைக்கு விட்டு, குளத்தின் உறுப்பினர் பங்கையும் அவருக்கு மாற்றிக் கொடுத்தார். நிர்வாகக் குழு ஃப்ரீமனை ஏற்க மறுத்தது. எதிர்த்துப் பேசிய சலிவனை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1969 டிசம்பரில் சலிவன் பக்கம் தீர்ப்பானது. மேரிலாந்தின் வீட்டன்-ஹேவன் குளம் பற்றி இதே போன்ற தீர்ப்பு 1973-இல் வந்தது.

நம் பிள்ளைகள் இன்று அந்தக் குளங்களில் கூசாமல் குதிப்பதற்கு அவர்கள் போட்ட சண்டையும் ஒரு காரணம். இன்று தடை நிறத்தின் பேரில் இல்லை. உறுப்பினர் கட்டணமும் நீண்ட காத்திருப்புப் பட்டியலும்தான் தடை. லேனுக்காகப் பேசும் பெற்றோர், கட்டணச் சலுகைக்காகவும் நிர்வாகக் கூட்டத்தில் ஒருமுறை கையைத் தூக்கினால் நன்றாக இருக்கும்.

கோச்சிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் பிள்ளை மேல் கோபம் வருமோ என்று பயம்.

அந்தப் பயத்தில்தான் நம்மில் பலர் கோச்சிடம் ஒன்றும் கேட்காமல், வாட்ஸ்அப்பில் மட்டும் கொட்டித் தீர்க்கிறோம். சனிக்கிழமை காலை குளத்தோரத்தில் கேட்காதீர்கள். கோச்சுக்கு அப்போது மூச்சுவிட நேரமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன மெயில் போதும். "ஏன் என் மகளைப் போடவில்லை" என்று தொடங்காமல், "பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் மூன்றாவது லேனை எப்படி முடிவு செய்கிறீர்கள்? அவள் எதில் கவனம் வைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை இழுக்காதீர்கள்.

பத்து வயது தாண்டிய பிள்ளை என்றால் அவனே போய்க் கேட்கட்டும். நீங்கள் பத்தடி தள்ளி நில்லுங்கள். "கோச், நான் ஏ மீட்டுக்கு வர எத்தனை விநாடி குறைக்கணும்?" என்று ஒரு பையன் நேரடியாகக் கேட்டால், எனக்குத் தெரிந்து எந்தக் கோச்சும் முகம் சுளித்ததில்லை. பெரும்பாலும் கிளிப்போர்டைத் திருப்பிக் காட்டி, திரும்பும்போது எங்கே நேரம் வீணாகிறது என்றும் சொல்லிக்கொடுப்பார்கள்.

எங்கள் குழுவில் எழுத்தில் எதுவுமே இல்லை. என்ன செய்யலாம்?

சீசன் நடுவில் சண்டை போட்டுப் பயனில்லை. அந்த நேரத்தில் எழுதும் எந்த விதியும் யாரோ ஒரு பிள்ளையை மனதில் வைத்து எழுதியதாகத்தான் தெரியும். ஆகஸ்டில் எல்லாம் ஓய்ந்ததும், அல்லது குளிர்காலத்தில் அடுத்த வருடக் கோச்சை அமர்த்தும் சமயத்தில், டீம் ரெப்பிடம் ஒரு பக்கத்துக்கு எழுதலாம் என்று சொல்லுங்கள். எந்த நேரம் கணக்கில் வரும், சம நேரமானால் என்ன, வராத நாளை எப்போதைக்குள் சொல்ல வேண்டும், வெற்றி உறுதியான மீட்டில் இடங்களை எப்படிப் பரப்புவது, தகராறானால் யாரிடம் போவது. இவ்வளவு போதும். எழுத ஆள் இல்லை என்பார்கள். "நான் எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். மே மாதப் பெற்றோர் கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு, லேடர் ஒட்டும் பலகையிலேயே பக்கத்தில் ஒட்டிவிடலாம்.